பேனைக்குள் உறைந்த பால்

அலுமாரியின் அடித்தட்டில் கிடைக்கும் பழைய ஊற்றுப்பேனை எழுத மறுத்தால் பலரும் முதலில் நிப்பைத்தான் சந்தேகிப்பார்கள். அது பெரும்பாலும் வீண்பழி. நல்ல பேனைகளின் நிப் 14 கரட் தங்கம். மையிலுள்ள அமிலம் அதை அரிக்காது. தாளில் உராயும் நுனியில் ஒஸ்மியம், இரிடியம் போன்ற கடின உலோகங்களின் கலவை ஒரு சிறு மணியாக ஒட்டப்பட்டிருக்கும். ஐம்பது வருடம் சும்மா கிடந்ததால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. செத்துப்போயிருப்பது உள்ளேயிருக்கும் இறப்பர் பை.

1908இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து நகைக்கடைக்காரர் வால்டர் ஷீபர் ஒரு காப்புரிமை பெற்றார். பேனையின் பக்கவாட்டில் ஒரு சிறிய லீவர். அதைத் தூக்கினால் உள்ளேயுள்ள தகடு இறப்பர் பையை நசுக்கும். லீவரை விட்டால் பை பழைய வடிவுக்கு உப்பும், வெளிக்காற்றின் அழுத்தம் மையை உள்ளே தள்ளும். அவ்வளவுதான் பொறிமுறை. அடுத்த நாற்பது ஆண்டுகள் ஊற்றுப்பேனைகளால் எழுதப்பட்டதில் பெரும்பங்கு இந்தப் பையின் உப்பலை நம்பியே நடந்தது.

அந்த உப்பல்தான் முதலில் போகிறது. இயற்கை இறப்பரின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் தாக்குவது அந்த இடத்தைத்தான். சங்கிலிகள் சில இடங்களில் அறுந்து, வேறு இடங்களில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னல் கூடக் கூட இறப்பர் விறைக்கும். கடைசியில் பை அப்பளம் போல நொறுங்கும். பழைய பேனையைத் திறந்தவுடன் மேசையில் கொட்டும் கருந்துகள் இதுதான். சில பைகள் எதிர்த்திசையில் போய்ப் பிசினாக உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுக்க அவை இன்னும் பெரிய தொல்லை.

பைக்கு வெளியேயும் இறப்பர்தான். 1920கள் வரை பல பேனைகளின் உடலும் மூடியும் எபனைட்டால் ஆனவை. டயர்க் கடைப் பலகைகளில் காணும் 'வல்கனைசிங்' என்ற வேலையை 1839இல் கண்டவர் சார்ள்ஸ் குட்இயர். இறப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கிடையே கந்தகப் பாலங்கள் உருவாகின்றன. நூற்றுக்குச் சில பங்கு கந்தகம் சேர்த்தால் நெகிழும் பை. முப்பது பங்கு அளவில் சேர்த்தால் கடைசல் இயந்திரத்தில் கடையக்கூடிய கரும்பொருள். அதுவே எபனைட். சார்ள்ஸின் தம்பி நெல்சன் குட்இயர் இதற்கு 1851இல் காப்புரிமை எடுத்தார்.

இந்த இடத்தில் கதை கண்டிப் பக்கம் திரும்புகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700. அவற்றில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. அவற்றைப் பொறுப்பேற்றவர் கண்டிக்கு அருகேயுள்ள பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வைட்ஸ். பேராதனையின் உயரமும் குளிரும் இந்த மரத்துக்கு அவ்வளவாகப் பொருந்தா என்பதால், பெரும்பாலான கன்றுகள் கம்பஹாவில் புதிதாகத் திறந்த ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன.

மரம் இருந்தால் போதாது. பாலை எடுக்கவும் உறைய வைக்கவும் தெரிய வேண்டும். அமேசானில் பாலைப் புகையில் காட்டி உருட்டினார்கள். 1898–99இல் பேராதனையில் அறிவியல் உதவியாளராக இருந்த ஜோன் பார்க்கின் இரண்டு விடயங்களைக் காட்டினார். ஒன்று, வெட்டிய காயத்தின் ஓரத்தையே மீண்டும் சீவினால் முதல் வெட்டைவிட அதிகப் பால் வரும். பல மரங்கள் ஒரே காயத்தில் ஓய்ந்துவிட, இறப்பர் மரம் வெட்ட வெட்டச் சுரப்பது உண்மையிலேயே விந்தை. மற்றது, நீர் கலந்த அசற்றிக் அமிலத்தைச் சிறிது விட்டால் பால் சுத்தமாக உறையும். பாலிலுள்ள இறப்பர்த் துளிகள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தைத் தணித்தவுடன் அவை ஒட்டிக்கொள்ளும். 1906 செப்டம்பரில் இறப்பருக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி பேராதனைப் பூங்காவில் நடந்தது. இன்று அங்கே ஓர்கிட் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1920களில் உலக இறப்பரில் மிகப் பெரும்பங்கு ஆசியத் தோட்டங்களிலிருந்தே போனது. களுத்துறையிலும் கேகாலையிலும் விடியுமுன் பால் வெட்டியவர்களில் கணிசமானோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். எந்தப் பேனையின் பை எந்தத் தோட்டத்துப் பால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் அந்தக் காலத்துப் பார்க்கரையோ வாட்டர்மனையோ பழுதுபார்ப்பவர் கையில் இருப்பது வெறும் அமெரிக்கப் பொருள் என்று எனக்குத் தோன்றுவதில்லை.

பழுதுபார்ப்பு வேலையே பொறுமையைக் கேட்பது. நிப் பொருந்திய கழுத்தை இளஞ்சூட்டில் தளர்த்திக் கழற்ற வேண்டும். செலுலாயிட் பேனையானால் தீச்சுவாலை பக்கத்திலேயே வரக்கூடாது. அது நைட்ரோசெலுலோசு, பற்றினால் நிற்காது. பழைய பையைச் சுரண்டியெடுத்துப் புதிய பையை ஒட்டுவதற்கு இன்றும் பயன்படுவது செலாக், அதாவது அரக்குப் பூச்சியின் பிசின். மாத்தளைக்கு அருகே ஹப்புவித கிராமத்தில் விரல் நகத்தால் அரக்கு வேலை செய்யும் கைவினைஞர் கையாளும் அதே வகைப் பொருள். இறுகினால் மைக்கு அசையாது, சூடு காட்டினால் விட்டுவிடும். அடுத்த தலைமுறை மீண்டும் திறக்கலாம். நவீன உடனடிப் பசைகள் இந்தக் கண்ணியத்தைக் காட்டுவதில்லை. புதிய பைகளும் பெரும்பாலும் இயற்கை இறப்பரே. அவற்றின் இலக்கம் அங்குலத்தின் 64இல் எத்தனை பங்கு விட்டம் என்பதைக் குறிக்கும். 16ஆம் இலக்கம் என்றால் கால் அங்குலம்.

இனி நிறம். கருப்பு எபனைட் காலப்போக்கில் பாசிப்பழுப்பாகும். வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து மேற்பரப்பிலுள்ள கந்தகத்தை ஒட்சியேற்றி மெல்லிய சல்பூரிக்கமிலத்தை உண்டாக்குவதே காரணம். கண்டியின் ஈரக்காற்றில் பேனை வைத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பழுப்பை மெருகிட்டுக் கழிப்பவர் உண்டு, சாயம் தீட்டுபவரும் உண்டு. மெருகிட்டால் உடலில் பொறித்த பெயரும் வரிகளும் தேய்ந்துவிடும். சாயம் வாங்குபவரை ஏமாற்றும். பழுப்போடு எழுதுவதே மேல் என்பது என் கட்சி.

வீட்டில் அப்படி ஒரு பேனை இருந்தால் லீவரைத் தூக்கிப் பார்க்காதீர்கள். கல்லாகிவிட்ட பையோடு மோதித் தகடு வளையும், லீவரும் உடையலாம். முழுப் பேனையையும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கருப்பு எபனைட் ஒரே இரவில் பழுப்பாகலாம். நிப்பை மட்டும் சாதாரணத் தண்ணீரில் நனைத்துக் காய்ந்த மையைக் கரையுங்கள். பிறகு துடைத்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்து, பை மாற்றத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.