வீரத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம்

நெப்போலியனை எதிர்த்துக் கிளம்பிய 1813-இல் பிரஷ்யாவின் கஜானா காலி. மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் அந்த மார்ச்சில் அறிவித்த வீரப் பதக்கத்திலும் பொன் இல்லை. கறுப்புப் பூச்சுடன் வார்ப்பிரும்பு, சுற்றிலும் மெல்லிய வெள்ளிச் சட்டம், அவ்வளவுதான். ஆனால் கடைநிலைச் சிப்பாயும் அதைப் பெறலாம் என்பதுதான் அந்த 'இரும்புச் சிலுவை'யின் புதுமை. தளபதிகளுக்கென்று தனியாக ஒரு பெருஞ்சிலுவையும் இருந்தது.

முதலில் இரண்டாம் வகுப்பு. அதைப் பெற்றவருக்கே முதல் வகுப்பு. இரண்டாம் உலகப் போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவையை, கிடைத்த நாளிலும் விழாக்களிலும்தான் தொங்கவிடுவார்கள். மற்ற நாட்களில் சட்டையின் இரண்டாவது பொத்தான் துளையில் அதன் நாடா மட்டும் தெரியும். முதல் வகுப்புக்கு நாடா கிடையாது; இடது மார்பில் ஊசியால் குத்திக்கொள்வார்கள்.

கொடுப்பது மேலதிகாரியின் பரிந்துரையால். 1918-இல் ஹிட்லருக்கு முதல் வகுப்புச் சிலுவையைப் பரிந்துரைத்தவர் ஹூகோ குட்மன் என்ற யூத அதிகாரி. ஹிட்லரின் ஆட்சியில் அவர் நாட்டைவிட்டே தப்பியோட நேர்ந்தது.

முதல் உலகப் போரில் சுமார் 50 லட்சம் இரண்டாம் வகுப்புச் சிலுவைகள் வழங்கப்பட்டன. படையில் சேர்ந்த ஜெர்மானியரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு! இத்தனை பேர் அணிந்த பிறகு அதற்கென்ன தனி மதிப்பு?

1939-இல் ஹிட்லர் நடுவில் ஸ்வஸ்திகாவைப் பொறித்து அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். கழுத்தில் அணியும் 'வீரர் சிலுவை'யையும் சேர்த்தார். ஏழாயிரத்துச் சொச்சம் பேரே இதைப் பெற்றார்கள். போரின் தொடக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பல் தலைவருக்கு இது கிடைக்க, மூழ்கடித்த கப்பல்களின் மொத்தக் கொள்ளளவு ஒரு லட்சம் டன் என்பது எழுதப்படாத அளவு. இதற்காகத் துடிக்கும் அதிகாரியைப் பார்த்து, "அவருக்குத் தொண்டை வலி" என்று சிப்பாய்கள் கேலி செய்தார்கள். கேலிக்குள் பயமும் இருந்திருக்கும்; அவருடைய ஆசைக்கு உயிரைக் கொடுக்கப்போவது யார்?

எண்ணிக்கைப் பித்து உச்சம் தொட்டது 1942-இல். கைக்குண்டு போன்ற ஆயுதத்தோடு தனியாளாக ஒரு டாங்கியை அழித்தால், வலது மேற்கையில் ஒரு வெள்ளிப் பட்டை. ஐந்தாவதுக்குத் தங்க நிறம். நெருங்கிநின்று சண்டையிட்டவர்களுக்கு இடது சட்டைப்பைக்கு மேல் ஒரு கிடைவில்லை. இதற்கு அளவு, சண்டை நடந்த நாட்கள். 15 நாளுக்கு வெண்கலம், 25-க்கு வெள்ளி, 50-க்குத் தங்கம். எதிரியின் கண் வெண்மை தெரியும் தூரத்தில் நின்ற நாளே கணக்கில் சேரும். படுகாயம் பட்டவருக்குச் சலுகை உண்டு: வெண்கலத்துக்கு 10 நாள் போதும். இப்படி விதி எழுதிய குமாஸ்தா எந்தப் போர்முனையில் உட்கார்ந்து எழுதினாரோ!

தங்க வில்லை பெற்றவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர். சிப்பாய்களில் பலர் இதை வீரர் சிலுவையைவிட உயர்வாக மதித்தார்கள்.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி 1957-இல் ஒரு சட்டம் போட்டது. பதக்கங்களை அணியலாம், ஸ்வஸ்திகா மட்டும் கூடாது. சிலுவையின் நடுவில் அந்த இடத்துக்கு ஓக் இலைகள் வந்தன.