ஸ்டைலிஸ்ட் ஆக ஆசையா? நகையை அடகு வைக்கும் முன் இதைப் படிங்க!

சென்னை:

பியூட்டி பார்லர், ஜவுளிக்கடை, தையல் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள், இளம்பெண்கள் நடுவே புதுசா ஒரு தொழிலுக்கு மவுசு கூடி இருக்கிறது. அதன் பெயர் ‘பர்சனல் ஸ்டைலிஸ்ட்’. ‘இமேஜ் கன்சல்டன்ட்’ என்றும் சொல்கிறார்கள்.

சில நாள் கோர்ஸ், கையில் சர்டிபிகேட், அப்புறம் கை நிறைய காசு என்று செல்போனில் விளம்பரங்கள் வந்து விழுகின்றன. கட்டணமோ பல ஆயிரம். சில இடங்களில் லட்சத்தைத் தொடுகிறது. இதற்காக கம்மலையும் வளையலையும் கழற்றும் முன்பு, இந்த தொழில் என்ன, எப்படி முன்னுக்கு வரலாம், எங்கே ஏமாறுவோம் என்று தெரிந்து கொள்வது நல்லது. இதோ விவரம்:

என்ன வேலை இது?

மேக்கப் போடுபவரின் வேலை முகத்தோடு முடிந்து விடும். ஸ்டைலிஸ்ட் வேலை அதற்கு மேல். எந்த கலர் எடுக்கும், ஜாக்கெட் கழுத்து எப்படி இருக்கணும், என்ன நகை போடணும், தலைமுடியை எப்படி வாரணும் என்று ஆளைப் பார்த்து சொல்வதுதான் அவர் வேலை.

இமேஜ் கன்சல்டன்ட் இன்னும் ஒரு படி மேலே போவார். இன்டர்வியூவுக்கு என்ன உடுத்துவது, எப்படி உட்காருவது, நாலு பேர் முன்னால் எப்படி பேசுவது என்பதையும் சேர்த்து சொல்லிக் கொடுப்பார். அமெரிக்காவில் 1970-களில் சூடு பிடித்த தொழில் இது. வேலையில் முன்னேற எப்படி உடுத்துவது என்று ஜான் மொல்லாய் என்பவர் 1975-ல் எழுதிய புத்தகம் அங்கே சக்கைப்போடு போட்டது.

பெயர்தான் புதுசு. தி.நகர் ஜவுளிக்கடைகளில் கண்ணாடி முன்னால் நிறுத்தி, தோளில் புடவையைப் போட்டு, “அம்மா, இந்த பார்டர்தான் உங்களுக்கு எடுப்பா இருக்கு” என்று சொல்லும் அண்ணன் செய்வதும் இதில் பாதிதான். தெருவில் யாருக்கு கல்யாணம் என்றாலும் புடவை கட்டிவிட கூப்பிடும் அக்கா செய்வதும் இதே வேலைதான்.

லைசென்ஸ் கிடையாது

முக்கியமான விஷயம் இது. வக்கீல் ஆக பார் கவுன்சிலில் பதிவு செய்யணும். டாக்டர் ஆக மெடிக்கல் கவுன்சில் பதிவு வேணும். ஸ்டைலிஸ்ட் ஆக இந்தியாவில் அப்படி எந்த கட்டாயப் பதிவும் இல்லை. லைசென்சும் இல்லை.

அதாவது, கோர்ஸ் படிக்காமலும் இந்த தொழிலை செய்யலாம். அதே மாதிரி யார் வேண்டுமானாலும் ‘அகாடமி’ என்று போர்டு மாட்டி சர்டிபிகேட் அடித்துக் கொடுக்கலாம். ‘இன்டர்நேஷனல்’ என்று தங்க எழுத்தில் இருந்தாலும் அது அந்த அகாடமி கொடுத்த காகிதம்தான்.

கல்யாண வீட்டார் சர்டிபிகேட் கேட்பதில்லை. “இதுக்கு முன்னாடி செஞ்ச போட்டோ காட்டுங்க” என்றுதான் கேட்கிறார்கள்.

வட்டிக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 60 ஆயிரம் ரூபாய் கட்டணத்தை நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டியில் வாங்கி கட்டினால், மாதம் 1,200 ரூபாய் வட்டி. ஒரு வருஷத்துக்கு 14 ஆயிரத்து 400 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்.

கல்யாண வேலையோ முகூர்த்தத்தை நம்பி நடப்பது. ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. ஆனால் வட்டிக்கு ஆடி, மார்கழி தெரியாது!

குறைந்த செலவில் படிக்க

அரசு ஐ.டி.ஐ.க்கள் சிலவற்றில் ‘காஸ்மெட்டாலஜி’ என்ற அழகுக்கலை பிரிவு இருக்கிறது. ஒரு வருட படிப்பு. பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் சேரலாம். தமிழக அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் ரூ.750 உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சைக்கிள் ஆகியவை தரப்படுகின்றன. இந்த பிரிவு எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது. விண்ணப்பிக்கும் முன்பு விசாரித்துக் கொள்ளுங்க.

மாவட்டங்களில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையங்களில் சுமார் ஒரு மாத பியூட்டி பார்லர் பயிற்சி நடத்தப்படுகிறது. கட்டணம் இல்லை. சாப்பாடும் உண்டு.

தையல் தெரிந்தவர்களுக்கு இந்த தொழிலில் இன்னும் சவுகரியம். ஜாக்கெட் ஏன் தோளில் நழுவுது, கை ஏன் இறுக்குது என்று பார்த்த உடனே பிடிபட்டு விடும்.

படிப்படியாக ஏறலாம்

முதல் படி, பார்லர் வேலை. சம்பளம் குறைச்சல்தான். ஆனால் தினமும் பல முகம், பல விதமான முடி கையில் வரும். காசு வாங்கிக் கொண்டே கற்றுக்கொள்ளும் இடம் அது.

இரண்டாவது படி, புடவை மடிப்பு. விசேஷத்துக்கு முதல் நாளே பட்டுப்புடவையை அயர்ன் செய்து, முந்தானை மடிப்பும் கொசுவமும் எடுத்து, பின் குத்தி, பெட்டி போல மடித்துக் கொடுப்பது. மறுநாள் அஞ்சே நிமிஷத்தில் கட்டிக் கொள்ளலாம். இதற்கு சிட்டியில் நல்ல கிராக்கி இருக்கிறது. அயர்ன் பாக்ஸ், மேஜை, பின், கிளிப் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பட்டுக்கு சூட்டை குறைத்து, மேலே பருத்தித் துணி போட்டுத்தான் அயர்ன் செய்யணும். ஜரிகை கருகினால் கெட்ட பெயர் ஊர் முழுக்க பரவிடும்.

மூன்றாவது படி, கல்யாணப் பெண் அலங்காரம். கல்யாணம் இல்லாத மாதங்களில் வேறு வேலை பார்க்கலாம். மார்கழியில் சென்னை சபாக்களில் நடன நிகழ்ச்சிகள் களைகட்டும். அரங்கேற்றம், ஸ்கூல் ஆண்டு விழா, வளைகாப்பு என்று அழைப்பு வரும்.

நாலாவது படிதான் ஸ்டைலிஸ்ட். நம்பி வந்த கல்யாணப் பெண், புடவை எடுக்கவே “நீங்களும் கடைக்கு வாங்கக்கா” என்று கூப்பிடும்போது அந்தப் படி தானாக வந்து விடும். அப்போது அந்த நேரத்துக்கு தனியாக கட்டணம் பேசணும். சும்மா போய் வந்தால் கடைசி வரை சும்மாதான்.

தெரிந்திருக்க வேண்டியது

கலரை கடை லைட்டில் முடிவு செய்யக்கூடாது. புடவையை வாசலுக்குக் கொண்டு வந்து வெயில் வெளிச்சத்தில் பார்க்கணும். மேக்கப் ஷேடையும் தாடை ஓரம் கொஞ்சம் தடவி வெளிச்சத்தில்தான் பார்க்கணும்.

மாநிறப் பெண்ணை வெள்ளையாக்குகிறேன் என்று இரண்டு ஷேடு கூட்டிப் போட்டால், போட்டோவில் முகம் சாம்பல் பூத்து, கழுத்து தனியாகத் தெரியும். அவரவர் நிறத்தை எடுப்பாகக் காட்டுவதில்தான் கைவேலை இருக்கிறது.

ஹேர் டையால் சிலருக்கு அலர்ஜி வரும். இரண்டு நாள் முன்னதாக காது பின்னாலோ, முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிப் பார்த்து விடணும். பிரஷ், டவலை ஒருத்தருக்குப் போட்டதை கழுவாமல் அடுத்தவருக்கு போடக்கூடாது.

சினிமா வாய்ப்பு

சினிமாவில் பெண்கள் மேக்கப் கலைஞராக சங்க உறுப்பினர் ஆக முடியாத நிலை பல வருஷம் இருந்தது. மும்பை சங்கம் ஒன்று பெண்களை ஹேர் டிரஸ்சராக மட்டும் சேர்த்துக் கொண்டது. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் வழக்கு போட்டார். 2014-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த தடையை ரத்து செய்தது. இன்று பெண் என்பதற்காக யாரும் மறுக்க முடியாது. ஆனால் “சினிமா சான்ஸ் வாங்கித் தர்றேன், பணம் கொடு” என்பவரை நம்ப வேண்டாம்.

பணம் கட்டும் முன் கேளுங்க

எத்தனை பேருக்கு ஒரு டீச்சர்? உண்மையான ஆளுக்கு எத்தனை முறை மேக்கப் போட வைப்பீர்கள்? பொருள் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா? பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா? இவற்றை எழுத்தில் வாங்குங்க. பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட கொடுக்காதீங்க. போன பேட்ச்சில் படித்த இரண்டு பேரிடம் நேரில் பேசுங்க. வேலை கியாரண்டி என்று சொன்னால் எந்த கடையில், என்ன சம்பளம் என்று கேளுங்க. ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

சொந்தமாகத் தொடங்க, முத்ரா கடனில் ‘சிசு’ பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். சிறு தொழிலுக்கான ‘உத்யம்’ பதிவு முழுக்க இலவசம். அதற்கு புரோக்கருக்கு பணம் தர வேண்டியதில்லை.

விடியற்காலை வேலை

முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் ராத்திரி 2 மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டி வரும். போக வர வண்டி யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிடணும். பாதி பணம் அட்வான்ஸ், மீதி அலங்காரம் முடிந்த உடனே என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குவது நல்லது. கல்யாண சந்தடி முடிந்த பிறகு பாக்கியை வாங்குவது குதிரைக்கொம்பு. மண்டபம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி விட்டுப் போங்க. ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 181.

ஆண்களும் இந்த தொழிலில் ஜெயிக்கலாம். மாப்பிள்ளை அலங்காரத்துக்கும் இன்டர்வியூ டிரஸ்சுக்கும் ஆள் தேடுகிறார்கள். முதல் ஒரு வருஷம் நகை வீட்டிலேயே இருக்கட்டும். பார்லரில் கை பழகி, அக்கம்பக்கத்து விசேஷங்களில் பத்து பேருக்கு புடவை கட்டிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. அதற்குப் பிறகும் பெரிய கோர்ஸ் வேணும் என்று தோன்றினால், அந்த வேலையில் வந்த காசிலேயே கட்டலாம்.