கானமயிலும் கதிரவன் மின்சாரமும்

தில்லியில் வாழும் நமக்குக் குளிர்காலப் புகைமூட்டம் புதிதன்று. நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கிய பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டதற்குக் காற்று மாசும் ஒரு காரணம். கதிரவனொளியிலிருந்தும் காற்றிலிருந்தும் பெறும் மின்சாரம் புகையற்றது. ஆயினும், அதற்கான நிலையங்களை எந்த நிலத்தில் அமைப்பது? அதற்கு இசைவு தருபவர் யார்? இவ்வினாக்கள் நம் நகரிலுள்ள உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்காக வந்தன. அவ்வழக்கின் நடுவில் நின்றது ஒரு பறவை.

அப்பறவை கானமயில். இராசஸ்தான் மக்கள் அதனைக் 'கோடாவண்' என்பர். அம்மாநிலப் பறவையும் அதுவே. ஆண் பறவை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும் 15 கிலோ வரை எடையும் உடையது. முற்காலத்தில் தமிழகத்தின் வறண்ட புல்வெளிகளிலும் அது வாழ்ந்தது. இன்று நாட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு; அவற்றுள் பெரும்பாலானவை செய்சல்மேர் மாவட்டத்தில் உள்ளன. வெறுந்தரையில் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும் பறவை இது. ஆதலால் ஒரு பறவையின் இழப்பும் பேரிழப்பாகும். அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், நேர் எதிரே உள்ள மின்கம்பி அதற்குத் தெளிவாகப் புலப்படாது. உடல் கனமானதால், கம்பியை அருகில் கண்டாலும் விரைந்து விலக இயலாது.

பாலைநிலத்தில் வெயிலும் காற்றும் மிகுதி. எனவே கதிரவன் மின்பூங்காக்களும் காற்றாலைகளும் அங்கே பெருகின. அணை, சுரங்கம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்கு 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் இசைவு பெறுதல் வேண்டும். கதிரவன் மின்நிலையத்துக்கும் காற்றாலைக்கும் அவ்விசைவு தேவையில்லை. மேலும், அங்குள்ள புல்வெளிகள் பல வருவாய்த்துறை ஏடுகளில் 'தரிசு' என்றே பதிவாகியுள்ளன. ஊரார் கோயிற்காடாகக் காத்துவந்த 'ஓரண்' எனும் மேய்ச்சல் நிலங்களிலும் பல அவ்வாறே பதியப்பட்டுள்ளன. தமிழில் 'புறம்போக்கு' என்னும் சொல்லுக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பொதுநிலத்தைக் குறித்த அச்சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது! ஏட்டில் பயனற்றதெனக் குறிக்கப்பட்ட நிலம் பறவைக்கு வீடு. ஆடுமாடு மேய்ப்பவர்க்கு வாழ்வு.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியவருள் முதன்மையான எம். கே. ரஞ்சித்சிங் 2019இல் இவ்வழக்கைத் தொடுத்தார். 2021 ஏப்ரல் 19 அன்று நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. அதன்படி, இராசஸ்தானிலும் குசராத்திலும் பறவை வாழும் பகுதிகளில் தாழ்வழுத்த மின்கம்பிகளை நிலத்தடியில் பதித்தல் வேண்டும். உயரழுத்தக் கம்பிகளை, இயலுமா என ஆராய்ந்து பதித்தல் வேண்டும். அதுவரை, பறவையின் கண்ணில் படும் வண்ணம் கம்பிகளில் தகடுகளைத் தொங்கவிடுதல் வேண்டும். இவ்வாணைக்குட்பட்ட பரப்பு ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்கு!

நடுவணரசு இதனை மாற்றுமாறு வேண்டியது. உயரழுத்த மின்சாரத்தை நெடுந்தொலைவு நிலத்தடியில் கொண்டுசெல்வது கடினம், செலவும் பன்மடங்கு, நிலக்கரியைக் குறைக்கும் இலக்கும் தவறும் என்றது. இதனை வெறும் சாக்கு எனத் தள்ளிவிட இயலாது. அங்கே பிறக்கும் மின்சாரம் வட மாநிலங்களுக்கும் வருகிறது. நம் வீட்டு விளக்கிலும் அதன் பங்கு இருக்கலாம். 2024 மார்ச் 21 அன்று நீதிமன்றம் பழைய ஆணையைத் தளர்த்தி, வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுதலும் மக்களின் உரிமையே என்று அத்தீர்ப்பு கூறியது. இரு மாநிலங்களிலும் முதன்மைப் பகுதியாக அப்போது கருதப்பட்டது ஏறத்தாழ 13,663 சதுர கிலோமீட்டர். முந்தைய பரப்பை நோக்கச் சிறிதெனினும், அது தில்லியைப்போல் ஒன்பது மடங்கு.

வல்லுநர் குழுவின் பரிந்துரைகளை நீதிமன்றம் 2025 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. சற்றே விரிவாக்கப்பட்ட முதன்மைப் பகுதியில் புதிய காற்றாலைகள் கூடா. 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய கதிரவன் மின்நிலையங்களும் கூடா. இருக்கும் பூங்காக்களை விரிவாக்குதலும் கூடா. அந்த 2 மெகாவாட் என்னும் எல்லையைக் கவனியுங்கள். உழவர் தம் தரிசு நிலத்தில் மின்நிலையம் அமைக்க நடுவணரசு 2019இல் தொடங்கிய பிஎம்-குசும் திட்டத்தின் ஒரு பிரிவிலும் உச்ச அளவு 2 மெகாவாட்டே. ஆகவே, அப்பகுதியில் வாழும் உழவர் ஒருவர் தம் நிலத்தில் அத்தகைய சிறு நிலையம் அமைக்க இத்தடை குறுக்கே நிற்பதில்லை. பெருநிறுவனத்தின் பரந்த மின்பூங்காவுக்கே அது பொருந்தும். பிற இடங்களிலிருந்து வரும் பெரிய மின்தடங்களோ, வரையறுத்த வழித்தடங்களில் மட்டுமே அவ்வெளியைக் கடந்து செல்லலாம்.