கால் மரத்துப்போனால் சர்க்கரை மட்டும்தான் காரணமா?

"சுகர் இருக்கு, அதான் கால் மரத்துப் போகுது." நம் வீடுகளில் சர்வசாதாரணமாகக் கேட்கும் பேச்சு. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டால், பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு காரணம் கண்ணில் படாது. சாஃப்ட்வேர் வேலையில் அடிக்கடி பார்ப்பதுதான். நீரிழிவுக்காரர்களின் பாதத்தில் அப்படி மறைந்துகொள்ளும் ஒன்று, வைட்டமின் பி12 குறைபாடு.

முதலில், ஏன் பாதம்? இடுப்புப் பக்கத்திலிருந்து கால்விரல் வரை போகும் நரம்புகள்தான் உடம்பிலேயே நீளமானவை, ஏறக்குறைய ஒரு மீட்டர். சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் நரம்புகளும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடும். நீளமான நரம்பின் நுனிதான் முதலில் அடிவாங்கும். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிறகு மரமரப்பு. செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. புண் வந்தும் வலிக்காது. ஆபத்து அங்கேதான்.

மின்கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல் நரம்புக்கும் மயலின் என்று ஓர் உறை உண்டு. அதைப் பராமரிக்க பி12 வேண்டும். அது குறைந்தாலும் இதே எரிச்சல், இதே மரமரப்பு. அறிகுறியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

இங்கே ஒரு சிக்கல். நீரிழிவுக்கு அதிகம் எழுதப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை, குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. 2022இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை 'பொதுவாக வரக்கூடிய' பக்கவிளைவு என்றே அறிவித்தது. டோஸ் கூடக்கூட, வருடம் ஏறஏற ஆபத்தும் கூடும். கல்லீரலில் பல வருடங்களுக்கான கையிருப்பு இருப்பதால் குறைபாடு உடனே வெளியே தெரியாது.

இனி சாப்பாடு. பி12 இயற்கையாக இருப்பது மீன், கறி, ஈரல், முட்டை, பால், தயிரில்தான். கீரையிலும் பருப்பிலும் கிடையாது. இட்லி மாவு புளிப்பதால் பி12 வரும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. பெரியவர்களுக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு 2.4 மைக்ரோகிராம். ஒரு பெரிய டம்ளர் பாலில் (240 மில்லி) கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதி. ஒரு முட்டையில் சுமார் 0.5. ஆக, காபிக்கு மட்டும் பால் ஊற்றிக்கொள்ளும் சைவக்காரர், கூடவே மெட்ஃபார்மினும் எடுத்தால், வரவும் குறைவு, உறிஞ்சுவதும் குறைவு.

இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை ஏறினால் நரம்புக்கு அது இன்னும் கெடுதல். டாக்டரிடம் பி12 ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். குறைவாக இருந்தால் மாத்திரையோ ஊசியோ தருவார். சத்து மாத்திரை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் வாங்கி விழுங்குவதும் சரியல்ல. ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

தட்டு விஷயத்தில் பழைய கணக்கேதான்: பாதி காய்கறி, கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ, மீதி கால்வாசி சோறு. புரதம் குறைந்தால் புண் ஆறவும் தாமதமாகும்.

நீரிழிவால் கெட்ட நரம்பை முழுசாக மீட்பது கடினம். பி12 குறைவால் வந்த பாதிப்பைச் சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். அதனால்தான் 'சுகர்தான்' என்று விட்டுவிடக் கூடாது என்கிறேன்.