நீமோவின் தந்தை பெண்ணாக மாறுமா?

2003-இல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். தாய் இறந்ததும் தந்தை மீன் தனியாக மகனை வளர்க்கிறது. உண்மையான கடலில் கதை வேறு: அந்தத் தந்தையே பெண்ணாக மாறிவிடும்!

சித்தியவான் மாணவர்களுக்குப் பவளப் பாறைகள் தூரத்து அதிசயமல்ல. லூமுட்டிலிருந்து படகில் போனால் பங்கோர் தீவு. அதற்குத் தெற்கே செம்பிலான் தீவுகள். அங்கும் பவளங்கள் வளர்கின்றன. ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட கோமாளி மீன், மலேசியக் கடலுக்குச் சொந்தமான பவளப் பாறை மீன்களுள் ஒன்று. வளர்ந்தாலும் உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இதன் வீடு கடற்சாமந்தி. பூப்போல் தோன்றினாலும் அது ஒரு விலங்கு. அதன் கொட்டும் இழைகள் மற்ற மீன்களை முடக்கிவிடும். கோமாளி மீனை அதன் உடல்மேல் உள்ள கோழைப் படலம் காக்கிறது. வாடகையும் உண்டு: இழைகளைக் கடிக்க வரும் மீன்களை இது விரட்டுகிறது, இதன் கழிவு கடற்சாமந்திக்குள் வாழும் நுண்பாசிக்கு உரமாகிறது.

ஒரு வீட்டில் மிகப் பெரியது பெண்; அடுத்தது ஆண்; மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறிய மீன்கள். எல்லாமே ஆணாகும் தன்மையோடுதான் வாழ்வைத் தொடங்குகின்றன. பெண் இறந்தால் ஆண் பெண்ணாகும். அடுத்த மீன் ஆணாகும். வரிசை ஒரு படி நகரும். வீட்டைவிட்டு வெளியே துணை தேடிப் போனால் எதிரிக்கு இரையாகலாம். அந்த ஆபத்து இதனால் தவிர்கிறது. கீழே உள்ள மீன் மேலே உள்ளதற்குச் சமமாக வளர்ந்தால் சண்டை வரும், விரட்டப்படலாம். ஆகவே அது தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கிறது.

இப்போது யோசியுங்கள். மீன்தொட்டிக்காக ஒருவர் பெரிய மீனைப் பிடித்தால், முட்டையிடும் தாயையே எடுத்துவிடுகிறார். புதிய பெண் உருவாகும்வரை அந்த வீட்டில் முட்டை இல்லை. கடற்சாமந்தியே அழிந்தால் வரிசை முழுவதும் வீடிழக்கும். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளங்களைப் போலவே கடற்சாமந்தியும் நுண்பாசியை இழந்து வெளிறுகிறது. 2010-இல் பவள வெளிறல் கடுமையானபோது தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன.

கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய முடியும். வாங்க விரும்பினால், கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பங்கோரில் நீந்தும்போது பவளத்தின்மீது கால் வைக்காதீர்கள். உங்கள் பாதத்தின் கீழ் இருப்பது ஒரு குடும்பத்தின் வீடாக இருக்கலாம்.