குட்டிப் பாம்பும் குளிரும்

பாம்பு தன் உடலுக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அன்று. வெயிலிடமும் பாறையிடமும் கடன் வாங்கித்தான் அது வாழ்கிறது. அந்தக் கடன் கிடைக்காவிட்டால் என்ன நேரும் என்பதை எங்கள் கொட்டச்சேடு போன்ற மலையூர்க்காரர்கள் எளிதில் ஊகிக்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பௌதிகப் பாடம். சேலத்தார் போர்வையை உதறும் இரவில் நாங்கள் இரண்டாவது போர்வையைத் தேடுகிறோம்.

குளிர்ந்த வயிற்றில் செரிமான நொதிகள் மந்தமாகிவிடும். விழுங்கிய எலிக்குஞ்சு செரிக்குமுன் அழுகத் தொடங்க, பாம்பு அதைக் கக்கிவிடும். குட்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். உடல் சிறுத்தால் எடையை நோக்கப் பரப்பு மிகுதி. ஆகவே சூடு விரைவில் வெளியேறும். அண்டாவிலுள்ள தேநீரைவிடக் குவளைத் தேநீர் முன்னதாக ஆறிவிடுகிறதல்லவா?

தாய்ப்பாம்பு சூடு தருவதில்லையா என்று கேட்கலாம். மலைப்பாம்பு தருகிறது, ஆனால் முட்டைக்கு மட்டும். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்து சூடேற்றுகிறது. நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த பர்மிய மலைப்பாம்பு ஒன்றில் இதை அளந்து 1966இல் வெளியிட்டார்கள். பொரித்த பின் குட்டிகள் தம் வழி தேடவேண்டியதுதான்.

எந்தப் பாம்பை வளர்க்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காபித் தோட்டத்தில் குழி வெட்டும்போது அகப்படும் குட்டியை டப்பாவில் அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது, வனத்துறைக்குச் சொல்லிவிடவேண்டும். வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனம். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அதையும் பதிவு செய்தாகவேண்டும். சென்னை விமான நிலையத்தில் 2023இல் பயணிகளின் பெட்டிகளிலிருந்து இவ்வகைப் பாம்புகளைச் சுங்கத்துறையினர் உயிருடன் கைப்பற்றியதைப் பலரும் படித்திருப்பீர்கள். சட்டப்படி வைத்திருப்பவருக்கே இனி வரும் செய்தி.

குட்டிகள் பலவானால், ஒட்டுப்பலகையில் தட்டு தட்டாக அலமாரி செய்து, ஒவ்வொரு தட்டிலும் காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியை இழுப்பறைபோல் செருகுவார்கள். தட்டின் பின்பகுதியில் மட்டும், பெட்டியின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு, சூடேறும் மின்பட்டையைப் பதிப்பார்கள். முழுவதும் பதித்தால் குட்டிக்கு ஒதுங்க இடமிராது. பின்பக்கம் 31 அல்லது 32 பாகை, முன்பக்கம் 26 பாகை. வேண்டிய இடத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் கோழிக்குஞ்சுக் கூடையின்மேல் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுவார்கள். சூடு மிகுந்தால் குஞ்சு கத்திக்கொண்டே விலகும். பாம்போ அடிவயிறு வெந்தாலும் அசையாமல் கிடக்கும். ஆகவே தெர்மோஸ்டாட் இல்லாத மின்பட்டை வேண்டவே வேண்டாம். இஸ்திரிப் பெட்டியிலும் தெர்மோஸ்டாட் உண்டு. இரு உலோகத் தகடு சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் அதன் ஏற்ற இறக்கம் பாம்புக்குப் பொருந்தாது. வெப்ப உணர்வி கொண்ட மின்னணுக் கருவியே ஏற்றது. உணர்வியைப் பட்டைமீதே அசையாமல் ஒட்டவேண்டும். கழன்று தரையில் விழுந்தால், குளிர்ந்த தரையை அளந்தபடி அது பட்டையைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். சூடு மேலெழுவதால் மேல்தட்டுப் பெட்டி கீழ்த்தட்டைவிடச் சற்றுச் சூடாயிருக்கும். இரண்டிலும் வெப்பமானி வைத்துப் பார்க்கவேண்டும்.

பட்டை பெட்டியின் தரையைத்தான் சுடவைக்கும். அறைக்காற்றை அவ்வளவாக அன்று. மார்கழி இரவில் எங்கள் ஊரில் முன்பக்கம் 26 பாகை நிற்காது. அலமாரியின் பின்புறத்தையும் பக்கங்களையும் பலகையால் அடைத்து, வெளிச்சுவரில் ஒட்டாமல் உள்ளறையில் வைக்கவேண்டும்.

காற்றில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பிமேல் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. அன்று இரை கொடுக்கக்கூடாது. வெறும் வயிற்றோடு இருக்கும் குட்டி ஓரிரவுக் குளிரைத் தாங்கும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்புறம் சாய்த்து, அலமாரிமேல் கம்பளியைப் போர்த்தினால் விடியும்வரை சமாளிக்கலாம். காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடக்கூடாது. மின்சாரம் வந்த மறுநாள் தெர்மோஸ்டாட்டின் அளவைச் சரிபார்த்த பிறகே அடுத்த எலிக்குஞ்சு.