விரதம் பிடிக்கும் தகப்பன்

மாசி அமாவாசை கழிந்ததும் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்காகக் காமன் கம்பம் ஊன்றுவார்கள். மதன், ரதி வேடம் கட்டப்போகிறவர்கள் (இருவருமே ஆண்கள்) விரதம் பிடிப்பார்கள். மாமிசமும் மதுவும் ஆகாது. பகலில் மலையில் வேலை, இரவில் தப்பு மேளமும் பாட்டும் ஆட்டமும். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்து வேடம் ஏற்பவர்கள் உண்டு. சில குடும்பங்களில் தகப்பன் கட்டிய வேடத்தை மகன் கட்டுகிறான். 1948இல் இந்தத் தோட்டச் சனத்தின் குடியுரிமை பறிபோனது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்து, அண்ணனை அங்கும் தம்பியை இங்கும் பிரித்தது. இத்தனைக்குப் பிறகும் காமன் நிற்கிறான் என்றால், பிள்ளைகள் பெயரில் எழுதிவைக்கக் காணியோ வீடோ இல்லாத சனம் தன் நடத்தையையே சொத்தாக விட்டுப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். விரதத்தோடு வேலைக்குப் போய்வரும் தகப்பனைப் பார்க்கிற பிள்ளைக்குப் பக்தி பற்றித் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

பார்த்தால் மட்டும் போதுமா? தென் கலிபோர்னியாவில் வேர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியலாளர் 1970இல் தொடங்கி, 350க்கு மேற்பட்ட குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தார். பெற்றோர் எவ்வளவு ஒழுங்காக வழிபட்டாலும் வீட்டில் பாசம் இல்லாவிட்டால் பிள்ளைகள் அந்த வழிக்கு வருவது குறைவு. குறிப்பாகத் தகப்பனோடுள்ள நெருக்கம் பெரிதும் தீர்மானிக்கிறது என்று கண்டார். அமெரிக்கக் குடும்பங்கள் வேறு, தோட்ட லயத்துக் குடும்பங்கள் வேறுதான். ஆனாலும் விரத நாட்களில் சாந்தமாக இருந்து, விரதம் முடிந்த அன்றே குடித்துவிட்டு அடிக்கிற தகப்பனிடமிருந்து மகன் எதை எடுத்துக்கொள்வான் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

கோயிலும் திருவிழாவும் தொழிலாளியை அடக்கிவைக்கக் கங்காணியும் துரையும் வளர்த்தவை என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் நின்று, கோவிந்தன் என்ற தொழிலாளியைப் பொலிஸ் குண்டுக்குப் பறிகொடுத்தவர்களும் இதே தோட்டச் சனம்தான். கும்பிட்ட கை கூலிக்காகவும் உயர்ந்தது. இதைவிடக் கனமான ஆட்சேபம் சாதி பற்றியது. தப்பு இல்லாமல் கூத்தே இல்லை. தப்படிப்பவருக்கோ பல இடங்களில் சபையில் மரியாதை இல்லை. பெரியவர்களின் விரதத்தைப் பார்த்துப் பழகும் பிள்ளை, அவர்கள் யாரை ஓரத்தில் நிறுத்துகிறார்கள் என்பதையும் பார்த்தே பழகுகிறது. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை, இருக்கவும் கூடாது. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பையன்கள் கூத்துக்கு வருவதில்லை என்று குறைப்படும் கோயில் கமிட்டிகள் முதலில் இதைக் கவனிக்கட்டும். வரும் மாசியில் தப்படிப்பவருக்கும் வேடக்காரருக்குச் செய்யும் அதே மரியாதையைச் சபை நடுவே, பிள்ளைகள் பார்க்கச் செய்யுங்கள்.